இலவச அழைப்பு எண்: எடுப்பதும் காப்பதும்

அத்தியாயம் 9

அமெரிக்காவில் இலவச அழைப்பு எண் வேண்டுமென்று எந்த அரசு அலுவலகத்துக்கும் மனுப்போட வேண்டியதில்லை. போட்டாலும் கிடைக்காது. விதிகளை வகுப்பது கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி. எண்ணைக் கையில் கொடுப்பது வேறு ஆள். இரண்டுக்கும் நடுவில் பதிவேட்டை வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஓர் அமைப்பு இருக்கிறது. இவர்களில் யார் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளாமல் எண் எடுத்தவர்கள், சிக்கல் வரும் நாளில் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கடை எடிசனில் இருந்தாலும் டாலஸில் இருந்தாலும், கடையே இல்லாமல் வீட்டிலிருந்து ஆன்லைனில் வியாபாரம் நடந்தாலும் விதி ஒன்றுதான்.

இந்த அத்தியாயத்தில் வேறெது மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். 800 எண் யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைபேசி எண்களின் மீதான அதிகாரத்தை எஃப்.சி.சி.யிடம் கொடுத்து, அவை எல்லாருக்கும் நியாயமாகக் கிடைக்க வழிசெய்யும்படி கட்டளையிட்டது. ஏரித் தண்ணீர் மாதிரிதான்: உங்கள் வயலுக்குப் பாய்ச்சலாம், மடையை அடைத்துத் தேக்கி வைத்து அடுத்தவருக்கு விற்க முடியாது. கீழே வருகிற விதிகள் அத்தனையும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து கிளைத்தவை. அதனால்தான் எண்ணைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை யார் பெயரில் பதிகிறோம் என்பது முக்கியம்.

எண் உங்களுக்குத் தேவைதானா

அழைப்பவருக்குச் செலவு மிச்சம் என்பதற்காக இலவச எண் எடுத்த காலம் போய்விட்டது. இன்று கைபேசித் திட்டங்களில் நாடு முழுக்கப் பேச நிமிடக் கணக்கே கிடையாது. உங்களுக்கு மட்டும்தான் கணக்கு உண்டு: வருகிற ஒவ்வோர் அழைப்புக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று எண் வைத்திருப்பவர் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டுமே வந்துபோகும் உணவகத்துக்கு 800 எண் வீண் செலவு. உள்ளூர் ஏரியா கோடு உள்ள எண்தான் அங்கே நம்பிக்கை தரும்.

பல மாநிலங்களுக்குப் பொருள் அனுப்புகிறவர், பயண முகவர், வரிக் கணக்கு எழுதித் தருபவர் ஆகியோருக்கு அது பயன்படும். கடை ஊர் மாறினாலும் எண் மாறாது. எழுத்துகளாகச் சொல்லி மனதில் பதிய வைக்கலாம். தொலைபேசி நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணைக் கூடவே எடுத்துச் செல்லலாம்.

ஊரிலிருந்து அழைக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க 800 எண்ணைச் சென்னையிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் போகாது. போனாலும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் விழலாம். விளம்பரத்தில் சாதாரண எண் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். இந்தியாவின் 1800 எண்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவை இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் எண் திட்டத்தின்கீழ் வருபவை.

மூன்று பேர், மூன்று வேலை

எஃப்.சி.சி. விதி எழுதும், மீறினால் அபராதம் போடும். இன்னாருக்கு இந்த எண் என்று அது முடிவு செய்வதில்லை. விதிகளைப் படிக்க விரும்பினால் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 47ஆம் தலைப்பில் 52ஆம் பகுதியைத் தேடுங்கள், 52.101 முதல் 52.111 வரை இலவச எண்களுக்கானது. வக்கீல் உதவியில்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய சில பக்கங்கள்தான்.

பதிவேட்டை நடத்துவது சோமோஸ் என்ற நிறுவனம். எஃப்.சி.சி. அதை இலவச எண்களின் நிர்வாகியாக நியமித்திருக்கிறது. எந்த எண் யாரிடம் இருக்கிறது, எந்த எண் காலி, ஒரு எண்ணை அழைத்தால் அழைப்பு எந்த நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். கனடாவும் வட அமெரிக்க எண் திட்டத்தைச் சேர்ந்த வேறு சில நாடுகளும் இதே இலவச எண்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

அந்தத் தரவுத்தளத்துக்குள் நுழைந்து எண்ணைப் பிடித்துத் தருபவர்தான் ‘ரெஸ்பான்சிபிள் ஆர்கனைசேஷன்’. இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘ரெஸ்ப் ஆர்க்’ என்பார்கள். பெரிய தொலைபேசி நிறுவனங்களும் ரெஸ்ப் ஆர்க்தான். எண் பிடித்துத் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் ரெஸ்ப் ஆர்க்தான். பெரிய வங்கியோ விமான நிறுவனமோ தானே ரெஸ்ப் ஆர்க்காகத் தகுதி பெற்றுக்கொள்ளலாம். நமக்கு அது தேவையில்லை.

ஆன்லைனில் பத்து நிமிடத்தில் எண் தருகிற செயலிகளில் பல, ரெஸ்ப் ஆர்க் அல்ல. அவை ஒரு ரெஸ்ப் ஆர்க்கிடமிருந்து எண்ணை வாங்கி உங்களுக்குக் கைமாற்றுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி: “இந்த எண்ணுக்கு ரெஸ்ப் ஆர்க் யார்? பதிவேட்டில் சந்தாதாரர் என்று யார் பெயர் இருக்கும், உங்கள் நிறுவனமா, என் நிறுவனமா?” சுற்றிவளைத்துப் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை எந்த வழக்கிலும் எடுபடாது.

எண் தீர்ந்துபோன கதை

விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1967இல் ஏ.டி.&டி. நிறுவனம் 800 சேவையைத் தொடங்கியது. அதுவரை, அழைப்பவரின் செலவை எதிர்முனை ஏற்க வேண்டுமென்றால் நடுவில் ஆபரேட்டர் வந்து “செலவை ஏற்கிறீர்களா” என்று கேட்டாக வேண்டும். 800 வந்தபிறகு அந்த இடைத்தரகர் வேலை போயிற்று.

போட்டி நிறுவனங்கள் வந்த பிறகும் ஒரு கட்டு தொடர்ந்தது. 800க்கு அடுத்த மூன்று இலக்கங்களைப் பார்த்தே இது எந்த நிறுவனத்தின் எண் என்று தொலைபேசி இணைப்பகம் முடிவு செய்தது. நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். லாரியில், பையில், விளம்பரப் பலகையில் அச்சடித்த எண்ணை யார் விடுவார்கள்? கட்டணம் ஏறினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். 1993 மே 1ஆம் தேதி எஃப்.சி.சி.யின் உத்தரவுப்படி தரவுத்தள முறை நடைமுறைக்கு வந்து இந்தக் கட்டு அவிழ்ந்தது. வாடிக்கையாளர் எண்ணோடு வெளியேறலாம் என்றாயிற்று. என் கணிப்பில் இந்தத் துறையில் சிறு வியாபாரிக்கு நடந்த ஆகப்பெரிய நன்மை இதுதான்.

நன்மையோடு நெருக்கடியும் வந்தது. பேஜர் வைத்திருந்தவருக்கெல்லாம் ஒரு 800 எண் என்று வாரி இறைத்ததில் இருப்பு கரைந்தது. 800க்குப் பின் வரும் ஏழு இலக்கங்களில் முதலாவது 2 முதல் 9 வரைதான் இருக்க முடியும் என்பதால், மொத்த எண்களே சுமார் 80 லட்சம்தான். 1995இல் எஃப்.சி.சி. ரேஷன் போட்டது. 1996 மார்ச்சில் 888 திறந்தது. அதன்பின் 1998இல் 877, 2000இல் 866, 2010இல் 855, 2013இல் 844, 2017இல் 833. அடுத்து திறக்க 822ஐ வைத்திருக்கிறார்கள்.

ஏழும் ஒரே மாதிரி இலவசம்தான். ஆனால் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. 800இல் ஒருவருக்கு இருக்கும் ஏழு இலக்கமே 888இல் இன்னொருவருக்கு இருக்கும். 888 திறந்தபோது பழைய 800 சந்தாதாரர்கள் சிலர், அதே ஏழு இலக்கம் வேறு யாருக்கும் போகாதபடி எடுத்து வைக்கக் கேட்டார்கள், கிடைத்தது. எடுத்து வைத்த அந்த 888 எண்களை முதலில் அவர்களுக்கே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று 1998இல் எஃப்.சி.சி. முடிவு செய்தது. 877இலிருந்து அந்தச் சலுகை கிடையாது. ஆகவே உங்களிடம் 800 எண் இருப்பதால் 833இல் அதே எண் உங்களுக்குத் தானாக வராது.

முந்தியவருக்கே எண்

பொது விதி எளிது: யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. ரெஸ்ப் ஆர்க் தரவுத்தளத்தில் தேடி, காலியாக இருந்தால் பிடிக்கும். பிறகு எண் பல நிலைகளைக் கடக்கும். இந்த நிலைகளின் ஆங்கிலப் பெயர்கள் உங்கள் திரையிலும் கடிதங்களிலும் அப்படியே வரும் என்பதால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

‘ஸ்பேர்’ என்றால் காலி. ‘ரிசர்வ்டு’ என்றால் உங்களுக்காகப் பிடித்து வைத்தது. அதிகபட்சம் 45 நாள். ‘அசைன்டு’ என்றால் உங்கள் பெயரில் எழுதியாகிவிட்டது, ஆனால் மணி அடிக்கவில்லை. இந்த நிலையில் 6 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. ‘ஒர்க்கிங்’ என்றால் அழைப்பு வருகிறது. ‘டிஸ்கனெக்ட்’ என்றால் சேவை நின்றுவிட்டது; 4 மாதம் வரை எண் அந்தரத்தில் இருந்து, பிறகு காலிக் குவியலுக்குத் திரும்பும். அங்கே போன மறுகணம் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

வியாபாரம் இன்னும் தொடங்காத நண்பர்கள் “பிறகு உதவும்” என்று எண் எடுத்து வைப்பதுண்டு. மேலே சொன்ன 45 நாளும் 6 மாதமும் அவர்களுக்காகத்தான் எழுதியவை. கடை திறக்கும் தேதி உறுதியானபின் எண் எடுங்கள். இன்னொரு பக்கம், கடன் அட்டை காலாவதியாகிப் பணம் பிடிக்க முடியாமல் சேவை நின்றுபோவது அடிக்கடி நடப்பது. பல வருடம் விளம்பரம் செய்த எண் அப்படிப் போனால், அதைத் திரும்பத் தர வேண்டிய கடமை எஃப்.சி.சி.க்குக் கிடையாது. எண்ணுக்கான கட்டணத்தை, அடிக்கடி மாறாத வங்கிக் கணக்கில் பிணையுங்கள்.

காலிக் குவியலிலிருந்து வரும் எண் புத்தம்புதிது என்று நினைக்காதீர்கள். முன்பு யாரோ ஒரு மருந்துக் கம்பெனி வைத்திருந்திருக்கலாம். கடன் வசூல் நிறுவனம் வைத்திருந்திருக்கலாம். பழைய வாடிக்கையாளர்கள் அழைத்துக்கொண்டே இருப்பார்கள், நிமிடக் காசு உங்களுடையது. எடுக்கும் முன் அந்த எண்ணைக் கோடுகளோடும் கோடுகள் இல்லாமலும் கூகுளில் தேடிப் பாருங்கள். எடுத்தபின் ஒரு வாரம் விளம்பரம் செய்யாமல் சும்மா வைத்து, எத்தனை அழைப்பு வருகிறது என்று கவனியுங்கள். அதிகமிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்; அட்டை அச்சடித்தபின் மாற்றுவது பெரும்பாடு.

எழுத்து எண்ணும் எட்டாவது எழுத்தும்

பெயராகச் சொல்லும் எண்ணை இங்கே ‘வேனிட்டி’ எண் என்பார்கள். பூக்கடை நிறுவனமான 1-800-ஃப்ளவர்ஸ் தன் எண்ணையே நிறுவனப் பெயராக வைத்துக்கொண்டது.

தோசை மாவு அரைத்து நாலைந்து மாநிலங்களுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோசைமாவு என்பதை ஆங்கில எழுத்தில் டி, ஓ, எஸ், ஏ, எம், ஏ, வி, யு என்று எழுதுகிறீர்கள். விசைப்பலகையில் டி 3, ஓ 6, எஸ் 7, ஏ 2, எம் 6, ஏ 2, வி 8. ஆக 367-2628. எட்டாவதான யுவை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இணைப்பகத்துக்குக் கவலையில்லை. ஏழோடு அழைப்பு போய்விடும். இனிச் சிக்கலைப் பாருங்கள். மாவு என்பதில் மா நெடிலாயிற்றே என்று ஒருவர் இரண்டு ஏ போட்டு அழுத்துவார். 367-2622 ஆகிவிடும். அது வேறு யாருடைய எண்ணோ. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம் என்பதால், நம் பெயர்களில் எழுத்து எண் எடுப்பது கொஞ்சம் ஆபத்தான விளையாட்டு. ஒரே ஒரு விதமாக மட்டுமே எழுதக்கூடிய சொல் கிடைத்தால் எடுங்கள்; இல்லாவிட்டால் 4000, 7878 போல நாக்கில் உருளும் இலக்கங்களே மேல்.

எழுத்துப் பிழையால் பெரிய நிறுவனங்களே அடிபட்டிருக்கின்றன. 1990களில் ஏ.டி.&டி. ‘ஆபரேட்டர்’ என்ற சொல்லை எண்ணாக விளம்பரம் செய்தது. அந்தச் சொல்லில் கடைசிக்கு முந்தைய எழுத்து ஓவா ஈயா என்று பலருக்குக் குழப்பம். ஓ போட்டால் ஏழாவது இலக்கம் 6, ஈ போட்டால் 3. ஈ போட்ட எண்ணைப் போட்டி நிறுவனமான எம்.சி.ஐ. வைத்துக்கொண்டு, பிழையாக அழுத்தியவர்களின் அழைப்புகளையெல்லாம் தன் கணக்கில் வாங்கிக்கொண்டது. பிறகு ஏ.டி.&டி. வேறு எண்ணுக்கு மாறியது.

இப்படி நடந்தால் எஃப்.சி.சி. வருமா? வராது. பெயர் யாருக்குச் சொந்தம் என்பது வணிகச்சின்ன வழக்கு, நீதிமன்றத்தின் வேலை. அங்கேயும் தீர்ப்பு ஒரே திசையில் போகவில்லை. நியூயார்க்கில் டயல்-ஏ-மேட்ரெஸ் என்ற மெத்தைக் கடை, 628-8737 என்று முடியும் உள்ளூர் எண்ணை மெத்தை என்ற ஆங்கிலச் சொல்லாகச் சொல்லி விளம்பரம் செய்துவந்தது. போட்டியாளர் ஒருவர் அதே ஏழு இலக்கத்தை 800இல் எடுத்து, அதே சொல்லால் விளம்பரம் செய்தார். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய கடையின் பக்கம் நின்றது. ஹாலிடே இன் வழக்கு நேர்மாறு. ஹாலிடே என்ற சொல்லுக்கு 465-4329. அதில் வரும் ஓ எழுத்துக்குப் பதில் பலர் பூஜ்யத்தை அழுத்துகிறார்கள் என்று கண்டுகொண்ட ஒரு நிறுவனம் 405-4329ஐ எடுத்து வைத்தது. ஹாலிடே என்ற பெயரை அது எந்த விளம்பரத்திலும் சொல்லவில்லை. அழைத்தவரிடம் “நீங்கள் ஹாலிடே இன்னை அழைக்கவில்லை” என்றும் சொன்னது. 1996இல் அந்த நிறுவனமே வென்றது. குழப்பத்தை அது உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே என்றது நீதிமன்றம்.

எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பில்லை. ஆனால் அது இருக்கிறது. எழுத்து எண்ணில் பணம் போடுவதற்கு முன் பெயரை வணிகச்சின்னமாகப் பதிவு செய்யுங்கள். ஓ எழுத்து உள்ள சொல்லைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பதுக்கலும் தரகும்

ரெஸ்ப் ஆர்க், வாடிக்கையாளர் யாரும் கேட்காமலே எண்ணைப் பிடித்து வைப்பது ஒரு குற்றம். விதி இதைக் கிடங்கில் அடைத்தல் என்கிறது. சந்தாதாரர், தேவைக்கு மேல் எண்களை வாங்கிக் குவிப்பது பதுக்கல். எண்ணை விற்பதற்கென்றே வாங்கி, காசுக்குக் கைமாற்றுவது தரகு. மூன்றுக்கும் தடை. ரெஸ்ப் ஆர்க் ஒரே சமயத்தில் ரிசர்வ்டு நிலையில் வைக்கக்கூடிய எண்களுக்கும் உச்சவரம்பு உண்டு: 2,000, அல்லது அதன் ஒர்க்கிங் எண்களில் 7.5 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது.

தடை இருந்தும் குவிந்தது. பிலடெல்பியா நிறுவனம் ஒன்று 800 எண்களில் கால்வாசியளவைக் கைவசம் வைத்திருப்பதாக 2011இல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. ஒரு காலத்தில் பள்ளியோ தொண்டு நிறுவனமோ வைத்திருந்து கைவிட்ட எண்ணை இன்று அழைத்தால் ஆபாசப் பேச்சு விளம்பரம் கேட்கும் நிலை வந்தது. விதி எழுதுவது வேறு, நடத்திக் காட்டுவது வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது 52.107. பல இலவச எண்களை ஒரே சந்தாதாரருக்குத் திருப்பிவிட்டால், பதுக்கல் அல்லது தரகு என்றே முதலில் ஊகிப்பார்கள். இல்லையென்று காட்டும் பொறுப்பு அந்தச் சந்தாதாரருடையது. பத்திரிகை விளம்பரத்துக்கு ஓர் எண், வானொலிக்கு ஓர் எண் என்று பிரித்து எது வேலை செய்கிறது என்று பார்ப்பது நியாயமான காரணம். ஆனால் அதற்கான கணக்கை எழுதி வையுங்கள். பிழையாக அழுத்துகிறவர்களுக்காகப் பக்கத்து எண் ஒன்றையும் எடுக்க ஆசை வந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

“இந்த எண்ணை 5,000 டாலருக்குத் தருகிறேன்” என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். கடையை முழுதாக விற்கும்போது எண்ணும் அதனோடு போவது வேறு. எண்ணை மட்டும் தனியே விலைபேசுவது வேறு. விற்பவருக்குத்தான் ஆபத்து என்று வாங்குபவர் நினைத்தால், நாளைக்கு எண் பறிபோகும்போது கொடுத்த பணத்தை யாரிடம் கேட்பார்? விற்பதற்குப் பதில் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் வட்டாரத்தின் அழைப்புகள் மட்டும் உங்களுக்கு வரும். சட்டப்படி தவறில்லையென்றாலும் சந்தாதாரர் நீங்கள் அல்ல. வாடகை நின்ற அன்றே எண்ணும் நிற்கும்.

ஏலத்துக்கு வந்த 833

முந்தியவருக்கே என்ற விதியில் ஒரு ஓட்டை: புதிய எண் தொகுதி திறக்கும் நாளில் வேகமான கணினி வைத்திருப்பவர்தான் முந்துவார். 2017இல் 833 திறப்பதற்கு முன், விரும்பும் எண்களின் பட்டியலை முன்கூட்டியே தரும்படி ரெஸ்ப் ஆர்க்குகளைக் கேட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்டோர் கேட்ட எண்கள் மட்டும் சுமார் 17,000. அவற்றை யாருக்கும் கொடுக்காமல் தனியே எடுத்து வைத்தார்கள்.

2018 செப்டம்பரில் எஃப்.சி.சி. விதியைத் திருத்தி ஏலத்துக்கு வழிவிட்டது. 2019 டிசம்பரில் சோமோஸ் அந்த ஏலத்தை நடத்தியது. மூடிய உறையில் ஒரே சுற்று. அதிகம் எழுதியவருக்கு எண். ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவது ஆள் எழுதிய தொகை. நீங்கள் 500 டாலர், அடுத்தவர் 300 என்றால், எண் உங்களுக்கு, கட்டணம் 300. மக்கள் நலனுக்கும் பாதுகாப்புக்கும் பயன்படும் எண்களை அரசு அமைப்புகளுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் ஏலமில்லாமல் ஒதுக்கவும் அதே உத்தரவு இடம் கொடுத்தது.

ஏலத்தில் வென்ற எண்களுக்கு மட்டும் தரகுத் தடை பொருந்தாது. அவற்றை மறுபடி விற்கலாம். யாராவது 833 எண்ணைக் காட்டி “இது சட்டப்படி விற்கக்கூடியது” என்றால், ஏலத்தில் வென்றதற்கான சான்றைக் கேளுங்கள். 833இல் உள்ள எல்லா எண்ணும் ஏலத்தில் வந்தது அல்ல.

பிடித்த பிறகு

ரெஸ்ப் ஆர்க் மாற வேண்டுமென்றால் புதியவரிடம் போங்கள், பழையவரிடம் அல்ல. அதிகாரமளிக்கும் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அண்மைய பில்லின் நகலும் கேட்பார்கள். கடிதத்திலுள்ள நிறுவனப் பெயரும் முகவரியும் பழைய பில்லில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘எல்.எல்.சி.’ விட்டுப்போனால்கூட விண்ணப்பம் திரும்பி வரும். மாற்றம் முடியும்வரை பழைய சேவையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எண் டிஸ்கனெக்ட் நிலைக்குப் போய்விடும்.

குறுஞ்செய்தி வேண்டுமென்றால் அதே எண்ணில் வாங்கலாம். சந்தாதாரரின் அனுமதி இல்லாமல் யாரும் இலவச எண்ணில் குறுஞ்செய்தி வசதியை இணைக்கக் கூடாது என்று எஃப்.சி.சி. 2018 ஜூனில் தெளிவாக்கியது. உங்கள் எண்ணில் நீங்கள் கேட்காத குறுஞ்செய்தி வசதி இயங்குவதாகத் தெரிந்தால், உடனே ரெஸ்ப் ஆர்க்கிடம் எழுத்தில் கேளுங்கள்.

போலி அழைப்புகளால் பில் ஏறுவது தனித் தொல்லை. யாராவது இலவச எண்ணை அழைத்தால், அழைப்பு கிளம்பிய பக்கத்துத் தொலைபேசி நிறுவனத்துக்கு எதிர்ப்பக்கம் கட்டணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கட்டணத்துக்காகவே இயந்திரத்தை வைத்து 800 எண்களை இடைவிடாமல் அழைக்கவிட்டார்கள். 2020 அக்டோபரில் எஃப்.சி.சி. இந்தக் கட்டணங்களைப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டது. தொல்லை முழுக்கத் தீரவில்லை. மாத பில்லில் ஒன்றுமே பேசாத குட்டி அழைப்புகள் வரிசையாக இருந்தால் அந்தப் பக்கங்களைக் குறித்து சேவை நிறுவனத்துக்கு அனுப்பிக் கழிக்கச் சொல்லுங்கள்.

அழைத்தவர் தன் எண்ணை மறைத்திருந்தாலும் இலவச எண்ணுக்கு அது வந்துசேரும். காசு கட்டுபவர் நீங்கள் ஆயிற்றே. அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கும் விதி உண்டு. அழைப்பைத் திருப்பிவிடவும் கணக்குப் பார்க்கவும் பயன்படுத்தலாம். ஏற்கெனவே வாங்கிய வாடிக்கையாளருக்கு, அவர் வாங்கியதோடு நேரடித் தொடர்புள்ள பொருளைச் சொல்லலாம். அவர் சம்மதமில்லாமல் அந்த எண்களைப் பட்டியலாக்கி இன்னொருவருக்கு விற்கக் கூடாது. நம் கடைக்காரர்களில் பலர் தீபாவளிக்கு முன் இப்படிச் சேர்த்த எண்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். விளம்பரக் குறுஞ்செய்திக்கு முன்சம்மதம் வேண்டும் என்பது தனிச் சட்டம்; ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி இழப்பீடு கேட்டு வழக்குப் போட அது இடம் தருகிறது.

சேவை நிறுவனம் எண்ணை விடமாட்டேன் என்றாலோ, உங்கள் எண் உங்களுக்குத் தெரியாமல் கைமாறினாலோ எஃப்.சி.சி.யின் நுகர்வோர் புகார் பக்கத்தில் எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகாரை எஃப்.சி.சி. நிறுவனத்துக்கு அனுப்பும், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். புகாரோடு சேர்க்க வேண்டியவை: எண் எடுத்த நாளின் மின்னஞ்சல், கடைசி பில், சந்தாதாரர் பெயர் உங்களுடையது என்று சொல்லும் கடிதம். மூன்றாவது உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே உங்கள் சேவை நிறுவனத்துக்கு எழுதி வாங்கிவிடுங்கள்.